வெளிநாட்டு நாணயத்தில் மாதாமாதம் போகும் பணம்: கணக்கு மென்பொருளில் எழுதுவது பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

சொந்த வரவு செலவைக் கணினியில் எழுதத் தொடங்குபவர்களுக்கு முதல் சில மாதங்கள் சிக்கல் இல்லாமல் போகும். முதல் டாலர் சந்தா வந்ததும் கணக்கு உதைக்கத் தொடங்கும். அப்போது என்னிடம் கேட்பார்கள். பல வருடங்களாக ஏறக்குறைய இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உதாரணங்களில் வீட்டுக் கணக்கு யூரோவில் இருக்கிறது, செலவு டாலரில் போகிறது. உங்கள் நாணயங்கள் வேறாக இருந்தாலும் வழி இதுவே. எண்கள் கணக்குப் போட வசதியாக நான் எடுத்துக்கொண்டவை. இன்றைய மாற்று விகிதம் அல்ல.

கார்டு பில் எப்படியும் என் ஊர்ப் பணத்தில்தானே வருகிறது? டாலரை நான் ஏன் எழுத வேண்டும்?

கட்டாயம் இல்லை. உங்கள் பணம் எவ்வளவு குறைந்தது என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றால் பில்லில் உள்ள யூரோத் தொகையை எழுதிவிட்டுப் போகலாம். கணக்கு தப்பாகாது.

ஆனால் ஆறு மாதம் கழித்து 9.20 யூரோவாக இருந்த சந்தா 10.10 ஆகியிருப்பதைப் பார்க்கிறீர்கள். நிறுவனம் விலையை ஏற்றியதா, யூரோ விழுந்ததா? டாலர் தொகை எழுதப்பட்டிருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்: 10 டாலர் அப்படியே 10 டாலராக இருந்தால் மாறியது நாணயம்தான். சந்தாவை ரத்து செய்யலாமா, வேறு திட்டத்துக்குப் போகலாமா என்று முடிவெடுக்க இது வேண்டும். அதனால் டாலர் தொகையைக் குறிப்பு வரியிலாவது எழுதுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். பத்து விநாடி வேலை.

எந்த விகிதத்தைப் போடுவது? இணையத்தில் பார்த்தது ஒன்று, வங்கி எடுத்தது இன்னொன்று.

விகிதமே போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நடந்தவை இரண்டு: நிறுவனம் 10 டாலர் கேட்டது, உங்கள் கணக்கிலிருந்து 9.20 யூரோ போனது. இரண்டும் ஆவணத்தில் இருக்கும் எண்கள், ஒன்று ரசீதில், இன்னொன்று ஸ்டேட்மென்டில். 0.92 என்ற விகிதம் ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வருவது. அதை எழுதி அதிலிருந்து தொகையைக் கணக்கிடச் சொன்னால், நான்காவது தசமத்தில் ஏற்படும் வித்தியாசம் கடைசியில் ஒரு சென்டாக வந்து நிற்கும்.

இணையத்தில் பார்ப்பது பெரும்பாலும் சந்தையின் நடு விகிதம், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ளது. ஐரோப்பிய மத்திய வங்கி வேலை நாட்களில் மத்திய ஐரோப்பிய நேரம் மாலை 4 மணியளவில் குறிப்பு விகிதங்களை வெளியிடுகிறது. அவை தகவலுக்காக மட்டும், பரிவர்த்தனைக்கு அல்ல என்று அந்த வங்கியே சொல்கிறது. விசா, மாஸ்டர்கார்டு போன்றவை தங்கள் சொந்த விகிதத்தை வைத்திருக்கின்றன. கார்டு கொடுத்த வங்கி அதன்மேல் தன் கட்டணத்தைச் சேர்க்கலாம். இத்தனையும் கடந்து வந்த எண்தான் உங்கள் ஸ்டேட்மென்டில் இருக்கிறது.

குனுகேஷ் (GnuCash) என்ற இலவசக் கணக்கு மென்பொருளில் இரு நாணயப் பதிவு எழுதும்போது ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் விகிதத்தையும் கொடுக்கலாம், சேரும் தொகையையும் கொடுக்கலாம். தொகையைக் கொடுங்கள். லெட்ஜர், எச்லெட்ஜர் போன்ற உரைக் கோப்பு மென்பொருள்களில் ஒற்றை @ போட்டால் ஓர் அலகின் விலை, இரட்டை @@ போட்டால் மொத்த விலை. "10 டாலர் @@ 9.20 யூரோ" என்பதுதான் நமக்கு வேண்டிய வடிவம். ஃபயர்ஃப்ளை 3 (Firefly III) என்ற கணக்கு மென்பொருளில் வெளிநாட்டுத் தொகைக்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது.

சந்தா செலவுக்கு டாலரிலேயே ஒரு செலவுக் கணக்கு திறந்துவிட்டேன். சரிதானா?

தப்பில்லை, ஆனால் நான் அப்படிச் செய்வதில்லை. செலவுக் கணக்கு டாலரில் இருந்தால், வருடாந்திர அறிக்கை எடுக்கும்போது மென்பொருள் அதை யூரோவாக மாற்ற ஏதாவது ஒரு விலையைத் தேட வேண்டும். அறிக்கை எடுக்கும் நாளின் விலையை எடுத்துக்கொண்டால், முடிந்துபோன வருடத்தின் செலவு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் வேறு எண்ணாகத் தெரியும். செலவழித்த பணம் செலவழித்ததுதான். அது பிறகு கூடவோ குறையவோ கூடாது.

பணம் யூரோக் கணக்கிலிருந்து போகிறது என்றால் செலவுக் கணக்கும் யூரோவில் இருக்கட்டும். டாலர் தொகை குறிப்பில் இருக்கட்டும். இப்படி வைத்தால் மாற்று விகிதம் என்ற பேச்சே பதிவுக்குள் வராது. டாலரில் கணக்கு வேண்டியது, உங்களிடம் நிஜமாகவே டாலர் இருக்கும்போதும், டாலரில் கடன் இருக்கும்போதும்தான். அவை கீழே வருகின்றன.

மாதாமாதம் தானாகப் பதிவாகும்படி வைத்தேன். தொகை ஒவ்வொரு மாதமும் வேறாக வருகிறதே?

தொகை நிலையாக இருக்கும் வாடகைக்கும் சேமிப்புக்கும் முழுத் தானியக்கம் பொருந்தும். நாணயம் மாறும் பதிவுக்குப் பொருந்தாது. இங்கே தவணைப் பதிவின், அதாவது குறித்த நாளில் தானாக வரும்படி வைத்த பதிவின் வேலை, மறந்துபோகாமல் நினைவூட்டி, கணக்குப் பெயர்களை நிரப்பி, டாலர் தொகையைக் குறிப்பில் எழுதித் தருவது. யூரோத் தொகையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

குனுகேஷின் தவணைப் பதிவு டெம்ப்ளேட்டில் எண்ணுக்குப் பதில் ஒரு மாறியின் பெயரை எழுதலாம். பதிவு உருவாகும் நேரத்தில், கடைசியாகத் திறந்ததிலிருந்து நிலுவையில் உள்ளவற்றைக் காட்டும் சாளரத்தில், அதன் மதிப்பைக் கேட்கும். ஸ்டேட்மென்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 9.20 என்று தட்டினால் முடிந்தது. கேஎம்ஒய்மனி (KMyMoney) என்ற மென்பொருளில் தொகை வெறும் மதிப்பீடுதான் என்று குறித்துவைக்க வசதி உண்டு.

உங்கள் மென்பொருளில் இரண்டும் இல்லையா? போன மாதத் தொகையைப் போட்டு, விவரத்தின் முன்னால் "உத்தேசம்" என்று எழுதி வையுங்கள். ஸ்டேட்மென்ட் வந்ததும் அந்தச் சொல்லைத் தேடி ஒவ்வொன்றாகத் திருத்தி, சொல்லை அழித்துவிடுங்கள். எளிய வழிதான், ஆனால் இதுவரை ஏமாற்றியதில்லை.

கார்டு பயன்படுத்தியது 30-ஆம் தேதி, ஸ்டேட்மென்டில் அடுத்த மாதம் 2-ஆம் தேதி. எதைப் போடுவது?

நான் 30-ஐப் போடுகிறேன். செலவு எந்த மாதத்தைச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஸ்டேட்மென்டோடு ஒத்துப் பார்க்கும்போது இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தைக் கண் பழகிக்கொள்ளும். 2-ஐப் போடுவதும் குற்றமில்லை; இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

தொகையை மட்டும் 2-ஆம் தேதி வரும்வரை உறுதி செய்யாதீர்கள். கார்டு பயன்படுத்திய உடனே செயலியில் தெரிவது பெரும்பாலும் தற்காலிகமாகப் பிடித்துவைத்த தொகை. அந்தப் பரிவர்த்தனை முடிக்கப்படும் நாளின் விகிதம் வேறாக இருந்தால் அந்த எண் மாறிவிடும்.

31-ஆம் தேதிக்கு வைத்த தவணைப் பதிவு பிப்ரவரியில் என்ன ஆகும்?

மென்பொருளைப் பொறுத்தது. சில மாதத்தின் கடைசி நாளுக்கு இழுத்துக்கொள்ளும், சில அந்த மாதத்தையே தாண்டிவிடும். "மாதத்தின் கடைசி நாள்" என்ற தேர்வு இருந்தால் அதை எடுங்கள். சந்தா நிறுவனம் எந்த நாளில் எடுக்கிறது என்பதையும் பிப்ரவரி, மார்ச் ரசீதுகளில் ஒருமுறை பாருங்கள்.

வங்கி தனியாக ஒரு கட்டணம் பிடிக்கிறது. அதையும் சந்தாவிலேயே சேர்த்துவிடலாமா?

தனி வரியாக வந்தால் தனியாக எழுதுங்கள். 10 டாலர் சந்தா, 9.20 யூரோ, அதன்மேல் 2 சதவீதக் கட்டணம் 0.18 யூரோ. கார்டிலிருந்து போனது 9.38, சந்தா செலவு 9.20, வங்கிக் கட்டணம் 0.18 என்று ஒரே பதிவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு மாதத்தில் இது ஒன்றுமே இல்லை. பத்து சந்தாக்கள், இரண்டு மூன்று வருடங்கள் என்று சேரும்போது, இந்தக் கார்டை வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு அந்த வங்கிக் கட்டணக் கணக்குதான் பதில் சொல்லும். நான் கார்டு மாற்றியதே அந்தக் கணக்கின் வருட மொத்தத்தைப் பார்த்த பிறகுதான்.

கட்டணத்தை விகிதத்துக்குள்ளேயே ஒளித்து ஒரே தொகையாகக் காட்டும் வங்கிகளும் உண்டு. அப்படியென்றால் ஊகித்துப் பிரிக்க வேண்டாம். முழுத் தொகையும் சந்தா செலவு என்று எழுதுங்கள். ஸ்டேட்மென்டில் இல்லாத எண்ணைக் கணக்கில் கொண்டுவந்தால் பின்னால் சரிபார்க்க வழி இருக்காது.

பணம் கட்டும் பக்கத்தில் "உங்கள் நாணயத்திலேயே கட்டலாம்" என்று கேட்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு எளிதாகுமே?

எளிதாகும், ஆனால் அந்த எளிமைக்கு விலை உண்டு. அங்கே நாணயத்தை மாற்றுவது விற்பவர் பக்கம். விகிதத்தை அவர்களோ அவர்களுடைய சேவை நிறுவனமோ வைக்கிறார்கள், தங்கள் லாபத்தையும் சேர்த்து. பெரும்பாலும் உங்கள் வங்கி எடுப்பதைவிட அதிகமாகத்தான் இருக்கும். மாதாமாதம் போகும் பணம் என்பதால் ஒருமுறை அழுத்திய பொத்தான் வருடக்கணக்கில் தொடரும்.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்கள் என்றால் ரசீதில் இரு தொகைகளும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வழக்கம்போல எழுதுங்கள். அப்புறம் அமைப்புக்குள் போய் நாணயத்தை மாற்றுங்கள்.

என்னிடம் டாலர் வங்கிக் கணக்கே இருக்கிறது. அதிலிருந்து 20 டாலர் போகிறது. யூரோத் தொகை எங்கேயும் இல்லையே?

விகிதம் நிஜமாகவே தேவைப்படும் இடம் இதுதான். விகிதம் போடாதீர்கள் என்று மேலே சொன்னேன். அதற்கு விதிவிலக்கு இது, ஏனென்றால் இரண்டாவது தொகையை யாரும் நமக்குத் தரவில்லை. நீங்கள் 900 யூரோ கொடுத்து 1,000 டாலர் வாங்கி வைத்திருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய விலை 0.90. இன்று விகிதம் 0.95. இன்று போன 20 டாலரின் செலவு 18 யூரோவா, 19 யூரோவா?

நான் 19 என்று எழுதுவேன். இன்று அந்த டாலர்களை யூரோவாக மாற்றியிருந்தால் 19 கிடைத்திருக்கும். அதைத்தான் சந்தாவுக்காக விட்டுக்கொடுத்தோம். மீதி 1 யூரோ, டாலரை வைத்திருந்ததால் கிடைத்த ஆதாயம். நிறுவனங்களுக்கான ஐஏஎஸ் 21 என்ற கணக்கியல் தரமும் பரிவர்த்தனை நாளின் விகிதத்தில் பதியவே சொல்கிறது. வீட்டுக் கணக்குக்கு அந்தத் தரம் கட்டாயமில்லை. வாங்கிய விலையிலேயே, 18 என்று எழுதுபவர்களும் உண்டு. வரி தாக்கல் செய்ய இந்த எண்கள் தேவை என்றால் மட்டும் உங்கள் நாட்டு விதி எந்த முறையைக் கேட்கிறது என்று பார்த்துத் தொடங்குங்கள்.

விகிதத்தை எப்போதும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். ஒரு மாதம் ஒரு தளம், அடுத்த மாதம் வேறு தளம் என்றால் வராத ஆதாயம் வந்ததுபோலத் தெரியும்.

நான் எழுதாத ஒரு "வர்த்தகக் கணக்கு" குனுகேஷில் முளைத்திருக்கிறது. அதில் மைனஸில் டாலர் இருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

தப்பு இல்லை. கோப்பின் பண்புகளில் வர்த்தகக் கணக்குகளைப் பயன்படுத்தும் தேர்வு இயக்கப்பட்டிருக்கிறது. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு பதிவிலும் பற்றும் வரவும் சமமாக வேண்டும். 1,000 டாலரும் 900 யூரோவும் எப்படிச் சமமாகும்? அதனால் ஒவ்வொரு நாணயமும் தனித்தனியே டேலி ஆகும்படி நடுவில் ஒரு கணக்கு உட்கார்ந்துகொள்கிறது. நாணயம் மாற்றும் கடைக்காரர் ஒருவர் உங்கள் பேரேட்டுக்குள்ளேயே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்களிடம் யூரோ வாங்கி டாலர் கொடுக்கிறார்.

முந்தைய கேள்வியின் எண்களையே எடுப்போம். வாங்கிய நாளில் அந்தக் கணக்கில் மைனஸ் 1,000 டாலர், பிளஸ் 900 யூரோ. சந்தா கட்டியபின் டாலர் பக்கம் 20 திரும்பி வருகிறது, யூரோ பக்கம் 19 போகிறது: மைனஸ் 980 டாலர், பிளஸ் 881 யூரோ. இன்றைய 0.95-ல் 980 டாலர் 931 யூரோ. 931-க்கும் 881-க்கும் இடையே உள்ள 50 யூரோதான் உங்கள் மொத்த ஆதாயம். அதில் 1 யூரோ, கட்டிய 20 டாலரில் கைக்கு வந்தது. மீதி 49, கையிருப்பில் உள்ள 980 டாலரில் இன்னும் வராதது. விகிதம் விழுந்தால் அதுவும் போய்விடும்.

இதை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள். மைனஸ் எண்ணைப் பார்த்த பயம் அதோடு போய்விடும்.

டாலரில் கடன். மாதத் தவணை டாலரில் நிலையாக இருக்கிறது, யூரோவில் ஏறி இறங்குகிறது.

கடன் கணக்கை டாலரில் திறங்கள். ஒவ்வொரு தவணையையும் அசல், வட்டி என்று பிரியுங்கள். வட்டி செலவு, அது யூரோவில். அசல் பகுதி டாலர் கடனைக் குறைக்கிறது. டாலர் ஏறினால் நீங்கள் மேலே சொன்ன ஆதாயத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறீர்கள்: மீதிக் கடன் யூரோ மதிப்பில் பெரிதாகும். தவணை கட்டும்போது மட்டும் அல்லாமல் வருடக் கடைசியிலும் அன்றைய விகிதத்தில் மீதிக் கடனைப் பாருங்கள்.

நான் அனுப்பும் தொகை மாறுவதில்லை, அங்கே சேருவதுதான் மாறுகிறது. இதை எப்படி?

அப்படியானால் உங்களுக்கு வேலை குறைவு. யூரோத் தொகை நிலையானது என்பதால் தவணைப் பதிவை முழுத் தானியக்கமாக வைக்கலாம். சேர்ந்த தொகையைக் குறிப்பில் எழுதுங்கள். அனுப்பும் கட்டணத்தை மட்டும் பிரித்துக் காட்டுங்கள்.

வருடச் சந்தா 120 டாலர் மொத்தமாகக் கட்டினேன். பன்னிரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு மாதமும் விகிதத்தை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். கட்டிய நாளில் 110.40 யூரோ போனது. அதோடு நாணய மாற்றம் முடிந்துவிட்டது. "முன்கூட்டிக் கட்டியது" என்று யூரோவில் ஒரு சொத்துக் கணக்கு திறந்து அதில் வையுங்கள். மாதம் 9.20 யூரோ வீதம் செலவுக்கு மாற்றுங்கள். பன்னிரண்டு மாதமும் அதே 9.20. இந்தத் தவணைப் பதிவைத் தயங்காமல் தானாக ஓடவிடலாம்.

ரத்து செய்தேன். 120 டாலரும் திரும்ப வந்தது, ஆனால் யூரோவில் குறைவாக வந்திருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. அவர்கள் கொடுக்க வேண்டியது 120 டாலர், கொடுத்துவிட்டார்கள். இடையில் விகிதம் 0.92-லிருந்து 0.90-க்கு வந்திருந்தால் உங்களுக்குச் சேருவது 108 யூரோ. 110.40-க்கும் இதற்கும் உள்ள 2.40 யூரோவை "நாணய மாற்று இழப்பு" என்ற கணக்குக்கு நகர்த்தி, சந்தா செலவைச் சுழியாக்குங்கள். சந்தாவிலேயே 2.40 கிடந்தால், பயன்படுத்தாத சேவைக்குப் பணம் கட்டியதாக அறிக்கை சொல்லும். வங்கிக் கட்டணம் திரும்ப வரவில்லை என்றால் அது வங்கிக் கட்டணக் கணக்கிலேயே இருக்கட்டும்.

ஸ்டேட்மென்டை இறக்குமதி செய்தால் ஒவ்வொரு சந்தாவும் இரண்டு முறை வருகிறது.

மென்பொருள் தொகையையும் தேதியையும் வைத்துத்தான் பொருத்திப் பார்க்கிறது. உங்கள் உத்தேசத் தொகை 9.20, இறக்குமதியில் வந்தது 9.31 என்றால் அவை வேறு வேறு என்று முடிவு செய்துவிடும். வரிசையை மாற்றுங்கள்: முதலில் இறக்குமதி, பிறகு தவணைப் பதிவின் நினைவூட்டலைத் தாண்டிவிடுவது. அல்லது இறக்குமதிக்கு முன் தொகையைத் திருத்திவிடுவது. வெளிநாட்டுச் சந்தா ஐந்துக்கு மேல் போனால் முதல் வழியே சௌகரியம்.

இணைய விலையைத் தானாக எடுக்கும் வசதியை இயக்கினால் என் பழைய பதிவுகள் மாறிவிடுமா?

மாறாது. குனுகேஷ் ஃபைனான்ஸ் கோட் (Finance::Quote) என்ற, பெர்ல் மொழியில் எழுதிய நிரல்தொகுப்பு வழியாக விலைகளை எடுத்து விலைப் பட்டியலில் சேர்க்கிறது. பதிவுகளில் உள்ள தொகைகளை அது தொடுவதில்லை. கையிருப்பில் உள்ள டாலரின் இன்றைய மதிப்பைக் காட்டவே அந்தப் பட்டியல். டாலர் செலவுக் கணக்கு வைத்திருந்தால் மட்டும் செலவு அறிக்கையின் எண்கள் ஆடும். காரணம் மேலே இருக்கிறது.

யென்னில் கட்டுகிறேன். மென்பொருள் தசமத்தை ஏற்கவே மாட்டேன் என்கிறது.

அது சரியாகத்தான் செய்கிறது. நாணயக் குறியீடுகளுக்கான ஐஎஸ்ஓ 4217 தரத்தில் ஒவ்வொரு நாணயத்துக்கும் எத்தனை தசம இடம் என்றும் இருக்கிறது. யென்னுக்குச் சுழியம், டாலருக்கும் யூரோவுக்கும் இரண்டு, குவைத் தினாருக்கு மூன்று. ரசீதில் யென் முழு எண்ணாகவே இருக்கும்.

எட்டு மாதம் எழுதாமல் விட்டுவிட்டேன். ஸ்டேட்மென்டும் சில மாதத்துக்கு இல்லை.

ஸ்டேட்மென்ட் உள்ள மாதங்களை முதலில் முடியுங்கள். இல்லாதவற்றுக்கு மின்னஞ்சலில் டாலர் ரசீது இருக்கும். அந்த மாதத்தின் சராசரி விகிதத்தால் பெருக்கி, "உத்தேசம்" என்று குறித்து எழுதுங்கள். விகிதம் பெரிதாக ஆடாத காலத்துக்கு மாதச் சராசரியை ஐஏஎஸ் 21-உம் அனுமதிக்கிறது. கடைசியில் கார்டு நிலுவையோடு சில சென்ட்களோ யூரோக்களோ இடிக்கும். அந்த வித்தியாசத்தை ஒரே பதிவாக நாணய மாற்றுக் கணக்கில் போட்டு, காரணத்தைக் குறிப்பில் எழுதிவிட்டு, இந்த மாதத்திலிருந்து ஒழுங்காகத் தொடருங்கள். பழையதைச் சென்ட் வரை தேடிக்கொண்டு புதியதையும் விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வருடத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது? விகிதம் யாருக்குத் தெரியும்?

டாலர் தொகைகளைக் கூட்டுங்கள். அது தெரிந்த எண். கடந்த வருடத்தில் உங்களுக்கு விழுந்த மோசமான விகிதத்தால் பெருக்குங்கள். குறிப்பில் டாலர் எழுதி வந்திருந்தால் அந்த விகிதம் உங்கள் பதிவுகளிலேயே இருக்கிறது. எச்லெட்ஜரில் ~ குறியில் தொடங்கும் மாதாந்திர விதியை எழுதி, முன்னறிவிப்புத் தேர்வோடு இயக்கினால், வரப்போகும் மாதங்களின் பதிவுகளை அறிக்கையில் காட்டும்; கோப்பில் எதையும் எழுதாது.

நான் பணம் கட்டும் நாட்டின் நாணயமே மாறிவிட்டால்?

நடக்கக்கூடியதுதான். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று குனாவை விட்டு யூரோவுக்கு வந்தது; 1 யூரோவுக்கு 7.53450 குனா என்று விகிதம் நிலையாக அறிவிக்கப்பட்டது. பழைய பதிவுகளில் கை வைக்காதீர்கள், அன்று கட்டியது குனாதான். குனாவில் கணக்கு வைத்திருந்தவர்கள் மாறிய நாளில் யூரோவில் புதுக் கணக்கு திறந்து, மீதியை அந்த நிலையான விகிதத்தில் ஒரே பதிவாக நகர்த்தி, பழையதைச் சுழியாக்கி மூடினால் போதும். தவணைப் பதிவின் பழைய டெம்ப்ளேட்டுக்கு முடிவுத் தேதி போட்டுவிட்டுப் புதிது ஒன்று எழுதுங்கள். பழையதையே திருத்தினால் எந்த மாதம் எந்த நாணயத்தில் போனது என்பது குழம்பிவிடும்.